செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர வேண்டும் என்று ஜூலை மாதம் என் மேசை முன்னால் வந்து நிற்கும் முதலாமாண்டுப் பிள்ளைகள் எல்லோருமே ஆர்வத்தோடுதான் வருகிறார்கள். "சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும் மேம்." "வசதியில்லாத பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும் மேம்." பதினெட்டு வயதில் அப்படித் தோன்றாவிட்டால் வேறெந்த வயதில் தோன்றும்? அந்த ஆர்வத்தை நான் சந்தேகித்ததே இல்லை. ஆனாலும் அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சரையிலேருந்து ஏழு மணி வரைக்கும் எங்க இருப்பீங்க?"

பலர் யோசிக்காமல் "வந்துருவேன் மேம்" என்பார்கள். யாராவது ஒருவர் மட்டும் சற்று நின்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "செவ்வாய் சரிவராது மேம். அன்னிக்கு அப்பா சந்தைக்குப் போயிருவாரு, கடைய நான்தான் பாக்கணும். வியாழன்னா முடியும்" என்பார். அவர் பெயரைத்தான் முதலில் எழுதிக்கொள்வேன். தன்னுடைய வாரம் எப்படிப் போகிறது என்று தெரிந்தவரால்தான் இன்னொரு பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியும்.

மதுரைக்கு மேற்கே, எங்கள் கல்லூரி தத்தெடுத்த கிராமத்தில் மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடக்கிறது. செவ்வாயும் வியாழனும். சமுதாயக்கூடத்தில் சமையல் அண்டாக்களை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, ஜமுக்காளம் விரித்து உட்காருவார்கள். முகூர்த்த நாளில் கூடம் கிடைக்காது, கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவோம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகள். சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்களைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்கள், மிஞ்சிப்போனால் எட்டு வயது. இவர்களைப் பார்த்துக்கொண்டே வந்ததில் எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. வளர்கிற பிள்ளை ஒன்று நம்மை எதிர்பார்க்கும்படி செய்துவிட்டோம். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கியது. அப்போது மத்தியக் கல்வி அமைச்சராக இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் அதை 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு ஆரம்பித்துவைத்தார். ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. அந்த 120 மணி நேரத்தை எப்படி நிரப்புவது என்பதைக் கல்லூரியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். மரம் நடலாம், பேரணி போகலாம், கண்மாய்க் கரையைச் சுத்தம் செய்யலாம், ரத்ததான முகாம் நடத்தலாம். எல்லாமே வேண்டியதுதான். ஆனால் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யாராக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பிள்ளைகளுக்கு அப்படியில்லை. தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே அண்ணன் அடுத்த வாரமும் வர வேண்டும்.

சிறப்பு முகாமின் ஏழு நாளும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கல்லூரி அண்ணன்மார் தெருவில் கபடி ஆடுகிறார்கள், அக்காமார் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நிறைவு விழாவில் தலைவர் பேசி முடித்த மறுநாள் காலையில் வேன் புறப்பட்டுவிடும். எங்கள் மாணவர்களுக்கு அந்த ஏழு நாள் ஆயுளுக்கும் மறக்காத அனுபவம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வேனுக்குப் பின்னால் ஓடிவரும் பிள்ளைகளைப் புகைப்படம் எடுத்து அறிக்கையில் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தப் படத்தில் இருப்பது நம் சாதனை இல்லை, அவர்களுடைய ஏமாற்றம்.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற பழைய அமைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ பெரியவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவைப்பது அதன் வேலை. அதில் சேர விண்ணப்பித்த 1,138 பேரின் விவரங்களை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உறவு ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த பிள்ளைகளுக்குத்தான் அதிக நன்மை தெரிந்தது. உறவின் காலம் குறையக் குறைய நன்மையும் குறைந்தது. என்னை உலுக்கியது அடுத்த முடிவு. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தது, படிப்பில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் கூட. அதாவது, வந்துவிட்டுப் பாதியில் போகிறவர் வராமலே இருந்திருக்கலாம்.

ஏன் அப்படி ஆகிறது என்று விளக்க எனக்கு ஆய்வு வேண்டியதில்லை. எங்கள் படிப்பகத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், விடை வராத கணக்கு இருந்த பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருந்தான். வேறொரு மாணவி சொல்லித்தருகிறேன் என்று உட்கார்ந்ததற்கு, "வேணாம்க்கா, அந்த அண்ணே வந்து பாக்கட்டும்" என்றான். அந்த அண்ணன் வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் இருந்தான். அவனுக்கு அது முக்கியம், அவனைக் குறை சொல்ல முடியாது. அடுத்தடுத்த வாரங்களில் மடிப்புகள் கூடின. பிறகு பையன் அந்த நோட்டைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டான். அண்ணனுக்கு வேலை இருக்கிறது என்று பதிமூன்று வயசு யோசிக்காது. நாம் மக்கு, அதனால்தான் அண்ணன் வரவில்லை என்றுதான் யோசிக்கும்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அவர்கள் தெருவிலேயே வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, சொல்லிக்கொடுப்பவர் அதே ஊர்க்காரராக, பெரும்பாலும் அதே தெருப் பெண்ணாக இருந்ததுதான். ஒருநாள் வகுப்பு இல்லையென்றாலும் தண்ணீர்க் குழாயடியில் பார்த்துக்கொள்வார்கள், கடையில் பார்த்துக்கொள்வார்கள். எங்கேயும் போய்விடவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். பஸ் ஏறி வருகிற கல்லூரி மாணவருக்கு அந்த வசதி இல்லை. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வருவதைத் தவிர, நெருக்கத்தைக் காட்ட அவரிடம் வேறு வழியே கிடையாது.

அப்படியானால் கல்லூரி மாணவர் எதற்கு, அந்தந்த ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு சக பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். பாடம் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால் கல்லூரி மாணவர் தேவையில்லை. அவரைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி ஆசிரியர் இருக்கிறார். கல்லூரி மாணவரிடம் மட்டும் இருப்பது வேறு. அவர் கல்லூரி வாசலை இப்போதுதான் தாண்டியிருக்கிறார், எங்கே தடுக்கும் என்பது அவர் காலுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் ஒரு சாயங்காலம் நான் பார்த்தது இது. படிப்பகத்திலேயே படித்து, இப்போது பொறியியல் இரண்டாமாண்டு போயிருக்கும் பெண் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருந்த பெண்ணோடு உட்கார்ந்தாள். 2018-லிருந்து பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில்தான் நடக்கிறது. கல்லூரியையும் பாடப்பிரிவையும் நாமே வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். வரிசையில் மேலிருந்து எது முதலில் கிடைக்குமோ அதை கம்ப்யூட்டர் ஒதுக்கிவிடும். சின்னவள் தன் கட்ஆஃபுக்குக் கிடைக்காது என்று நினைத்த கல்லூரிகளையெல்லாம் பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டிருந்தாள். "ஏன் விட்ட? போட்டா காசா கேக்குறாங்க? ஆசைப்பட்டத மேல போடு, கிடைக்கலைன்னா அதுவே கீழ வந்துரும்" என்று பெரியவள் ஒவ்வொன்றாக ஏற்றினாள். பிறகு ஒரு கல்லூரிப் பெயரில் விரலை வைத்து, "இது வேணாம். மெயின் ரோட்டுல இறங்கி உள்ள நடக்கணும், ஆறு மணிக்கு மேல அந்த ரோட்டுல லைட் கிடையாது. லேப் இருக்கிற அன்னிக்கெல்லாம் லேட்டாத்தான் விடுவாங்க" என்றாள். எந்தத் தகவல் கையேட்டிலும் இல்லாத விஷயம் அது. வழிகாட்டி நிகழ்ச்சிகளில் மைக் பிடித்துப் பேசுகிற எங்களில் யாருக்கும் அது தெரியாது.

சலுகை, சான்றிதழ் விஷயமும் இப்படித்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்துவிட்டது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் இருக்கிறது, ஆனால் வீட்டில் அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போய்வர நாளாகும். ரிசல்ட் வந்தபின் ஓடினால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வோம். மார்ச் மாதப் பரீட்சைக்கு முன்பே போட்டுவைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல, போன வருஷம் கூட்டத்தில் மாட்டியவரைவிடத் தகுதியானவர் யார்? படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. நல்ல மதிப்பெண் எடுத்தும், கடைசித் தேதி தெரியாததால் மில் வேலைக்குப் போன பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

நெருக்கம் வந்தால் அதோடு பாரமும் வரும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்கள் இரண்டாமாண்டு மாணவியிடம், "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு, வைகாசியில் தனக்குக் கல்யாணம் பேசியிருப்பதைச் சொன்னாள். படிப்பகத்துக்கு வரும் எல்லா மாணவர்களுக்கும் முதல் நாளே நாங்கள் சொல்லிவிடுவது, 'சொல்லமாட்டேன்' என்று மட்டும் யாருக்கும் சத்தியம் செய்யாதீர்கள் என்பதுதான். அந்த மாணவி, "உனக்குக் கெடுதல் வரும்னா நான் சொல்லித்தான் ஆகணும்டா. ஆனா யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினோம். சமூகநலத் துறையிலிருந்து வந்தார்கள், பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள், கல்யாணம் நின்றது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அந்த வீட்டு வாசல்வரை போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

அந்தப் பெண் அதன்பிறகு படிப்பகத்துக்கு வரவில்லை. வீட்டில் விடவில்லை. பள்ளிக்குப் போகிறாள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். எதிரே பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று எங்கள் மாணவி அழுதாள். "நான் செஞ்சது சரிதானே மேம்?" சரிதான் என்றேன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் பத்தொன்பது வயசுப் பெண் அந்தச் சரியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தனியாக வீட்டுக்குப் போகக்கூடாது. இளம்பிள்ளைகளுக்குத் துணையாக மாணவர்களை அனுப்புகிற கல்லூரி, அந்த மாணவர்களுக்குத் துணையாக ஒரு பெரியவரை நிறுத்த வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கும் போனை எடுக்கிறவராக அவர் இருக்க வேண்டும். அதைச் செய்ய முடியாத கல்லூரி மரம் நடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தொண்டு என்றாலே வசதியானவர் இல்லாதவருக்குச் செய்வது என்ற படம்தான் பலர் மனதில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. லண்டனின் கிழக்குப் பகுதியில் 1884-ல் டாயின்பீ ஹால் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படித்த இளைஞர்கள் அங்கே வந்து ஏழைகளுக்கு நடுவில் தங்கினார்கள். அந்தக் காற்று வீசிய காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடித்த ஒரு வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை 1905-ல் ஸ்டெப்னியில் இருந்த சிறுவர் மன்றம் ஒன்றுக்குப் போனார். அவர் படித்த பள்ளி நடத்திய மன்றம் அது. பிறகும் போனார். 1907-ல் அதன் மேலாளராகி அங்கேயே குடியேறினார். வறுமைக்குக் காரணம் அந்தந்த மனிதர்களின் குணக்கேடு என்று நம்பும் வர்க்கத்தில் பிறந்தவர், அந்தப் பையன்களின் வீடுகளைப் பார்த்துப் பார்த்து சோஷலிஸ்ட் ஆனார். அவர்தான் கிளமென்ட் அட்லி. 1945-ல் பிரதமரானார். இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த சட்டம் நிறைவேறியது அவர் ஆட்சியில். இங்கிலாந்தின் இலவச மருத்துவ சேவை 1948-ல் வந்ததும் அவர் ஆட்சியில்தான். ஒரு சிறுவர் மன்றத்திலிருந்து இத்தனையும் முளைத்தது என்று கதை கட்ட நான் விரும்பவில்லை. ஆனால் அவர் அங்கே ஏழு நாள் முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தால் எதுவும் அவர் கண்ணில் பட்டிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கள் மாணவர்கள் அட்லியைப் போல மேலேயிருந்து இறங்கி வருகிறவர்கள் இல்லை. பாதிப் பேர் அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். முகூர்த்த நாளில் கேட்டரிங்கில் பரிமாறப் போகிறார்கள், தீபாவளிக்கு முன்பு ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள், வீட்டில் பூக்கட்டிவிட்டுக் காலை வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களிடம் ஒரு மாலையைக் கேட்பது ஒருநாள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கேட்பதற்குச் சமம் என்பதை நான் மறப்பதில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு, படிப்பகத்துக்கு வரும் எங்கள் பெண்பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியக் கூடினார்கள். அதுவரை பஸ் காசு இல்லை என்று அவர்களில் ஒருத்திகூட வாய்திறந்து சொன்னதில்லை. பையன்களுக்கு டிக்கெட் காசை ஆசிரியர்கள் நாங்கள் போட்டுக் கொடுக்கிறோம். சேவை செய்ய வருகிறவர் தன் மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்துவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

இனி, போவதைப் பற்றி. கல்லூரி மூன்றே வருஷம். வருகிறவர் ஒருநாள் போகத்தான் வேண்டும். ஆகவே போவதையும் வேலையாகவே எடுத்துச் செய்கிறோம். மூன்றாமாண்டு மாணவர் டிசம்பரிலிருந்து ஒரு இளையவரைக் கூடவே அழைத்து வருவார். இரண்டு பேரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காருவார்கள். எந்தப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு வராது, எவன் கண்ணாடி வேண்டும் என்று வீட்டில் சொல்லாமல் மறைக்கிறான், யாரைச் சத்தமாகக் கூப்பிடக்கூடாது என்று வாய்மொழியாகவே கைமாறும். பொங்கல் கழிந்து வரும் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம், "நான் மார்ச்சோட முடிக்கிறேன், இனிமே இந்த அக்கா" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நழுவக்கூடாது. முகத்தைப் பார்த்துச் சொல்வது மாணவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் போகிறவர் ஏன் போகிறார் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், காரணத்தைத் தன்னிடமே தேடாது.

பழைய மாணவர் ஒருவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போது, கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி இப்போதும் படிப்பகத்து போனுக்குக் கூப்பிட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் பேசுவார். "நைட் ஷிப்ட்டு வந்தா இந்த வருஷம் முடியாதோன்னு பயமா இருக்கு மேம், தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை தம்பி என்றேன். அவர் சொன்ன காலம் எப்போதோ முடிந்துவிட்டது, சொன்னதை முழுசாகச் செய்துவிட்டுத்தான் போனார். இப்போது பேசுவது அவர் பிரியம். அதை யாரும் கணக்கில் எழுதிக் கேட்க முடியாது.

வருகிற மே மாதம் ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைகளிலும் கூடத்தைத் திறந்துவைக்கப் போகிறோம், கலந்தாய்வுக்குப் பதிவு செய்கிறவர்களுக்காக. பொறியியல் படிக்கும் அந்தப் பெண் ஜூன் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அதற்குப் பிறகு அவளுக்குப் பரீட்சை. அவளுக்குப் பதில் உட்கார இன்னொருவர் வேண்டும். லேப்டாப் இரண்டு கிடைத்துவிட்டது. பிரிண்டருக்கு ஊராட்சித் தலைவரிடம் கேட்டிருக்கிறேன்.